விதைக் குடுக்கையில் நீ கட்டிய அட்டை

நீ கண்ணை மூடிய பிறகு முதல் முறையாக இன்று காலை பரணைத் துடைக்கும்போது உன் விதைக் குடுக்கைகள் கைக்கு வந்தன. மூடியைத் திறந்ததும் சாம்பலும் காய்ந்த வேப்பிலையும் கலந்த அந்த வாசம். பட்டுத் தறிக்காரர்கள் சேலைப் பூவேலைக்கு ஓட்டை குத்திப் பயன்படுத்திவிட்டுக் கழித்துப்போட்ட அட்டையை வாங்கி வந்து, துண்டுப் பென்சிலால் எழுதி, சுரைக்குடுக்கை ஒவ்வொன்றின் கழுத்திலும் நீ கட்டியிருந்தாயே, எல்லாம் அப்படியே இருக்கின்றன.

உனக்கு ஒரு சேதி. எனக்கு எழுத்து வந்துவிட்டது! முதியோர் வகுப்புக்குப் போகிறேன். முதல் அட்டையை உரக்கப் படித்தேன்: "வெண்டை, கிணற்றடிப் பாத்தி." அடுத்தது, "புடலை, பந்தல் ஓரம்." தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

கடைசி அட்டையில் சிரிப்பு நின்றது. நம்பாமல் மூன்று முறை எழுத்துக் கூட்டினேன். "கத்தரி. மருந்து போட்ட பாத்தி. மாடு மேயவில்லை. நான்தான் பறித்துப் புதைத்தேன்."

உனக்குத் தெரிந்திருக்கிறது.

தாமல் ஏரி வறண்டு வெடித்துக் கிடந்த கோடை அது. ஏரி வண்டலை வண்டி வண்டியாக அடித்து நிலத்தில் கொட்டினோம். கிணற்றில் ஊறிய கொஞ்சம் தண்ணீரையும் கத்தரிக்கே விட்டோம். கருட சேவைக்கு வரும் ஜனங்களுக்குப் பந்தல் போட்டுச் சோறு போடும் சின்னக் காஞ்சிபுரத்து மாமி, "மருந்து படாத காய்னு உங்களை நம்பித்தான் இருக்கேன்" என்று சொல்லி அனுப்பியிருந்தார். அந்த நேரம் பார்த்துப் புள்ளி வண்டு இலையைச் சல்லடையாக்கியது.

நீ வேப்பங்கொட்டையை இடித்துக் கரைத்துத் தெளித்தாய். "கையால பொறுக்குயா. நாலு நாள்ல அடங்கிடும்" என்றாய். எனக்குப் பொறுக்கவில்லை. நீ கூரத்துக்கு உன் அம்மாவைப் பார்க்கப் போன அன்று, கடையில் வெள்ளைப் பூச்சிமருந்துப் பவுடர் வாங்கி வந்து செடி முழுக்கத் தூவிவிட்டேன். நீ திரும்பியபோது வண்டெல்லாம் செத்துக் கிடந்தது.

"பாத்தியா, உன் கரைசல் வேலை செஞ்சிடுச்சி" என்று உன்னிடமே சொன்னேன். நீ ஒரு இலையைத் திருப்பித் தடவினாய். விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டாய்.

பறிக்க வேண்டிய காலையில், எருக்குழிக்குக் கோயில் மாலைக் கழிவை ஏற்றிவர நான் வண்டி கட்டிக்கொண்டு போனேன். திரும்பி வந்து பார்த்தால் பாத்தியில் ஒரு காய்கூட இல்லை. "யோவ், குப்பன் மாடு பூந்துடுச்சி" என்றாய். பக்கத்து நிலத்துக் குப்பனிடம் ஓடினேன்.

"மாட்டைக் கட்டி வைக்க மாட்டியாடா?"

"என் மாடு கட்டுன இடத்துலதான்பா கீது! எலையை வுட்டுட்டு காயை மட்டும் பொறுக்கித் துன்ற மாட்டை நீ எங்கனா பாத்துக்கிறியா?"

நான் கம்பைத் தூக்கினேன். நீதான் ஓடிவந்து பிடுங்கினாய். "வுடுயா, வாயில்லா ஜீவன்." மாமிக்குப் புடலையும் பூசணியும் அனுப்பி வைத்தாய். குப்பனோடு நான் பேச்சை நிறுத்திவிட்டேன்.

அதன் பிறகு ஒவ்வொரு கோடையிலும் சாம்பல் தண்ணீர்க் கொட்டாங்கச்சியை என் கையில் கொடுத்து, உன் பக்கத்திலேயே உட்காரவைத்து வண்டைப் பொறுக்கி அதில் போடச் சொன்னாய். "அந்தக் கடைசிக் குடுக்கையில இன்னா விதை?" என்று கேட்டால், "எழுத்து கத்துக்கினு நீயே படிச்சிக்கோயா" என்பாய். கேலி செய்கிறாய் என்று இருந்துவிட்டேன்.

பந்தலில் இலை போட்டு உட்கார்ந்த ஜனங்களை, அவர்கள் மடியில் இருந்த பிள்ளைகளை இன்று நினைத்துப் பார்க்கிறேன். நீ புதைக்காவிட்டால் அந்தக் காய் அவர்கள் இலைக்குப் போயிருக்கும். என் பொய்யைத் தெரிந்துகொண்டே இத்தனை கோடை என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாய். ஒரு வார்த்தை திட்டவில்லையே, எப்படி முடிந்தது உன்னால்?

நேராகக் குப்பன் வீட்டுக்குப் போனேன். அட்டையைப் படித்துக் காட்டினேன். அவன் அட்டையை வாங்கித் திருப்பிப் பார்த்தான். "மாடு செத்து எவ்ளோ நாளாச்சி. யார்கிட்டபா மாப்பு கேக்கப் போறே?" என்றான். பிறகு மோர் கொடுத்தான்.

அட்டையின் பின்பக்கம் காலியாக இருந்தது. ஓட்டைகளைத் தாண்டித் தாண்டி, எழுத்து எழுத்தாக எழுதினேன்: "மருந்து போட்டது நான்தான்." அதே குடுக்கையில் கட்டிவிட்டேன்.

கத்தரியில் மறுபடியும் வண்டு விழுந்திருக்கிறது. வெயில் ஏறுவதற்குள் போக வேண்டும். கொட்டாங்கச்சியில் சாம்பல் கரைத்துவிட்டேன்.