லீவர் உனக்கு, வெந்நீர் எனக்கு

எல்லாவற்றிலும் என்னை முந்திக்கொண்ட என் அன்பு மச்சான் சேகருக்கு,

நீ போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. உன்மேல் எனக்குள்ள பொறாமை இன்னும் தீரவில்லை. செத்தவன்மேல் யாராவது பொறாமைப்படுவார்களா? நான் படுகிறேன்.

நம் ஊர் பாலோவிலிருந்து ஒன்றாகப் பஸ் ஏறி, ஒரே சரக்குக் கப்பலில், ஒரே எஞ்சின் அறையில் வேலைக்குச் சேர்ந்தவர்கள் நாம். கப்பல் புறப்படும்போதெல்லாம் அந்தக் கிழட்டு டீசல் எஞ்சினைக் கிளப்பும் லீவர் உன் கைக்குத்தான் போகும். நீ இழுப்பாய். எஞ்சினைச் சுழற்ற அடைத்து வைத்த காற்று சீறும். ஒரே தடவையில் எஞ்சின் உறுமும். "சேகர் கை பட்டா போதும்லா!" என்று சீஃப் எஞ்சினியர் உன் முதுகில் தட்டுவார். நான் வியர்த்து ஒழுக, எண்ணெய்த் துணியோடு பின்னால் நிற்பேன். போதாததற்கு என் தங்கை கோமதியையும் நீயே கட்டிக்கொண்டாய். அன்றிலிருந்து வீட்டிலும் உன் புராணம்தான்.

இப்போது ஒரு செய்தி. நம் கப்பலைப் பழைய இரும்புக்கு உடைத்துவிட்டார்கள். எஞ்சினை மட்டும் பாசீர் கூடாங் துறைமுகத்தில் ஒரு பயிற்சிக்கூடத்தில் வைத்திருக்கிறார்கள். போன சனிக்கிழமை மாணவர்களுக்கு அதை ஓட்டிக் காட்ட என்னைக் கூப்பிட்டார்கள். கோமதியும் வந்தாள். உள்ளே நுழைந்ததும் நான் நேரே லீவரிடம் போனேன். எத்தனை வருட ஆசை, விடுவேனா?

இழுத்தேன். காற்று சீறியது. எஞ்சின் ஒரு சுற்று சுற்றி, இருமிவிட்டு நின்றது. மறுபடி இழுத்தேன். மறுபடியும் அதே கதை. காற்றும் தீர்ந்துபோனது. "அலமாக்!" என்று பின்னால் ஒரு மாணவன் உச்சுக்கொட்டினான். எனக்கு உன்மேல்தான் ஆத்திரம் வந்தது. உனக்கு மட்டும்தான் இது மசியுமா?

கோமதி வந்து எஞ்சினைத் தொட்டுப் பார்த்தாள்.

"என்னண்ணே, ஜில்லுன்னு இருக்கு? நீங்க தண்ணி சூடு வைக்கலையா?"

எனக்குச் சுருக்கென்றது. எஞ்சினைச் சுற்றி ஓடும் தண்ணீரைச் சூடாக்கி, எண்ணெயை உள்ளே ஓடவிட்ட பிறகுதான் லீவரைத் தொட வேண்டும். கப்பலில் அது என் வேலை. லீவரைக் கண்டதும் என் வேலையையே மறந்துவிட்டேன்.

"அவரு வீட்ல சொல்வாருண்ணே. 'உங்கண்ணன் எல்லாத்தையும் சூடா வச்சிருப்பான், நான் போய் சும்மா இழுப்பேன். பேரு எனக்கு. ஆனா எஞ்சின் அவன் பேச்சத்தான் கேக்குது, வயித்தெரிச்சலா இருக்கு'ன்னு."

மச்சான், உனக்குமா? அதை என்னிடம் ஒரு தடவையாவது சொல்லியிருக்கக் கூடாதா? பக்கத்திலேயேதானே நின்றேன்! அந்த வார்த்தையும் அவளுக்குத்தான் கிடைத்தது. இப்போது அதற்கும் சேர்த்துப் பொறாமைப்படுகிறேன்.

வரும் சனிக்கிழமை காலையிலேயே போய்த் தண்ணீரைச் சூடு வைப்பேன். பிறகு லீவரையும் நான்தான் இழுப்பேன். இது சத்தியம். எஞ்சின் கிளம்பினால் கோமதி உன்னை நினைத்துத்தான் அழுவாள், தெரியும். அழட்டும். நீயும் வந்து பக்கத்தில் நில். லீவர்மேல் மட்டும் கை வைத்துவிடாதே.

உன் மனைவிக்கு அண்ணன்,
உனக்கு என்றும் மச்சான்,
முத்தையா