பேசாமலிருக்கக் கற்றுக்கொண்டோம்

3 ஜூன் 2025, செவ்வாய்

இன்று சமையலுக்கு நானும் எல்லம்மாளும். அரிசி களையும்போதே மலையில் வெடி வைத்தார்கள். அடுப்பிலிருந்த அண்டா ஆடியது. கிரஷருக்கு அனுமதியை நீட்டிவிட்டால் எங்கள் தெருவில் விரிசல் இல்லாத சுவர் மிஞ்சாது. அதைத் தடுக்கத்தான் அச்சரப்பாக்கம் சாலையில் இந்தப் போராட்டப் பந்தல். ஊர்த்தெருவும் காலனியும் ஒரே அண்டாவில் சாப்பிடுவதை இந்த வயதில் இங்கேதான் பார்க்கிறேன். பால் சொசைட்டி தமிழ்ச்செல்வி அக்கா முதல் நாளே எங்கள் பக்கம் வந்து உட்கார்ந்து தட்டை நீட்டினார். அதன் பிறகு ஊர்த்தெருவில் யார் வாய் திறப்பார்கள்?

ஸ்டேஷனிலிருந்து தர்மராஜ் ஏட்டும் வருகிறார். தனிப்பிரிவாம், யூனிபார்ம் கிடையாது. ஓரமாக உட்கார்ந்து பார்ப்பதுதான் வேலை. வந்தவரைப் பட்டினி போட முடியுமா? அவருக்கும் ஒரு தட்டு வைத்தோம்.

9 ஜூன், திங்கள்

செங்கல்பட்டில் கலெக்டரிடம் மனு. வெளியே வந்ததும் டிவிக்காரர்கள் என் முகத்துக்கு நேரே மைக்கை நீட்டிவிட்டார்கள். பேசினேன்! ஜாக்கெட் தைக்கிறவளுக்கு இவ்வளவு குரல் எங்கிருந்து வந்தது என்று எனக்கே ஆச்சரியம்.

தர்மராஜ் அண்ணன்தான் காலையில் சொல்லி அனுப்பினார். "மனு குட்த்துட்டு சும்மா வந்துடாதம்மா. ரசீது வாங்கிக்க. இல்லாங்காட்டி குப்பைக்குத்தான் போவும்." போலீசிலும் நல்லவர்கள் இருக்கிறார்கள்.

14 ஜூன், சனி

வக்கீல் பிரதீபா வந்து பந்தலிலேயே வகுப்பு எடுத்தார். போலீஸ் கேட்டால் பொய் சொல்லாதீர்கள், உண்மையையும் சொல்லாதீர்கள், பேசாமல் இருங்கள், அது உங்கள் உரிமை என்றார். "அது மட்டும் நம்மால ஆவாது மேடம்" என்றாள் எல்லம்மாள். தமிழ்ச்செல்வி அக்கா போலீசாக நடித்து ஒவ்வொருவரையும் மிரட்டினார். நான் கடைசி வரை வாயைத் திறக்கவில்லை. எனக்குத்தான் கைதட்டல். ஓரத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த தர்மராஜ் அண்ணனும் சேர்ந்து தட்டினார்.

20 ஜூன், வெள்ளி

பூபாலன் காவலர் தேர்வில் தேறிவிட்டான். அம்மாவும் அப்பாவும் போனபின் நான் வளர்த்த தம்பி. அழுதுவிட்டேன்.

ஆனால் அவன் சொல்லி எனக்குத் தெரியவில்லை. "தம்பி பாஸாமே ஜெனிட்டா. போலீஸ் வெரிபிகேஷன் நம்ம ஸ்டேஷனுக்குத்தான் வரும்" என்று தர்மராஜ் அண்ணன் சொல்லித்தான் தெரிந்தது. இவன் தேர்வு எழுதியதே பந்தலில் யாருக்கும் தெரியாது. நான் சொல்லவில்லை. அவருக்கும் ஸ்வீட் கொடுத்தேன்.

26 ஜூன், வியாழன்

விடியற்காலையில் லாரிகளை மறிப்பதாகத் திட்டம். நாலைந்து பேருக்குத்தான் தெரியும். நாங்கள் போவதற்குள் போலீஸ் வேன் அங்கே நிற்கிறது. தமிழ்ச்செல்வி அக்கா உட்பட ஐந்து பேர் 'மற்றும் பலர்' மேல் வழக்கு.

எல்லம்மாளின் வீட்டுக்காரர் கிரஷர் லாரி ஓட்டுகிறார். அது போதாதா? "எம் புள்ள மேல சத்தியமா நான் சொல்லலடி" என்று ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தாள். அவள் ஆக்கிய சோற்றை யாரும் தொடவில்லை. நானும்தான்.

27 ஜூன்

மற்றும் பலர். அதில் நான் இருக்கிறேனா?

28 ஜூன், சனி

தர்மராஜ் அண்ணன் வீட்டுக்கே வந்துவிட்டார். "பயப்படாத, உம் பேரு அதுல இல்ல. ஆனா எப்ப வேணாலும் சேக்கலாம். சேத்தா தம்பி வேல இன்னா ஆவும், சொல்லு?" குரலில் கோபமே இல்லை. மிரட்டியிருந்தால் பரவாயில்லை. இதைப் பந்தலில் சொல்ல வேண்டும். நாளைக்குச் சொல்கிறேன்.

29 ஜூன்

சொல்லவில்லை.

5 ஜூலை, சனி

முன்ஜாமீன் கிடைக்கும் வரை தமிழ்ச்செல்வி அக்கா தலைமறைவு. சதுரங்கப்பட்டினத்தில் கோட்டைக்குப் பின்னால் மேரி வீட்டில் இருக்கிறார். அக்காவோடு கூடப் படித்த சிநேகிதி. என்னிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

மாலையில் தர்மராஜ் அண்ணன். டீ கேட்டார், போட்டுக் கொடுத்தேன்.

"தமிழ்ச்செல்வி மதுராந்தகத்துல தங்கச்சி வூட்லயா கீது?"

"இல்லண்ணா."

"பொத்தேரில, மவ ஹாஸ்டல் பக்கம்?"

"அங்க எப்படிண்ணா இருக்க முடியும்?"

"அப்ப சதுரங்கப்பட்டினமா? மேரி வூட்ல?"

வக்கீல் சொல்லிக்கொடுத்தபடி வாயை மூடிக்கொண்டேன். அவரும் மேற்கொண்டு கேட்கவில்லை. டீயை நிதானமாகக் குடித்துவிட்டு, "வரட்டுமா ஜெனிட்டா" என்று எழுந்தார். ஒரு வார்த்தை சொல்லவில்லை நான். ஒரு வார்த்தைகூட.

6 ஜூலை, ஞாயிறு

அக்காவைப் பிடித்துவிட்டார்கள். மேரி வீட்டு வாசலில் வைத்தே.

முதல் ரெண்டுக்கும் பதில் சொன்னேனே. மூணாவதுக்கும் இல்லன்னு சொல்ல எனக்கு இன்னா கேடு வந்துச்சி? அந்த ஆளுக்கு மேரியை எப்படித் தெரியும் — எப்படித் தெரியாமல் போகும்? யாருக்கு யார் சிநேகிதம், எந்தப் பெண்ணை எங்கே கட்டிக் கொடுத்தது, எல்லாவற்றையும் அவர் தட்டுக்கு எதிரே உட்கார்ந்துதானே பேசினோம். நாங்கள் போராடக் கற்றுக்கொண்டிருந்தோம். அவர் எங்களைக் கற்றுக்கொண்டிருந்தார்.

25 ஜூலை, வெள்ளி

சிறையில் தமிழ்ச்செல்வி அக்காவைப் பார்த்தேன். இளைத்துவிட்டார். கம்பிக்கு அந்தப் பக்கமிருந்து, "எல்லம்மாள மட்டும் கிட்ட சேக்காத. பந்தல இனிமே நீ பாத்துக்க. உன்ன வுட்டா வேற யாரையும் நம்ப முடியலடி" என்றார். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

பூபாலனுக்கு வெரிபிகேஷன் முடிந்துவிட்டது. ஒரு குறையும் இல்லையாம்.

திங்கட்கிழமை லாரிகளை எந்த இடத்தில் மறிப்பது என்று எல்லோரும் இப்போது என்னைத்தான் கேட்கிறார்கள். கிளைச்சாலைப் பக்கம் என்று முடிவு செய்து பந்தலிலிருந்து வீட்டுக்கு வந்தேன். செருப்பைக் கழற்றுவதற்குள் போன் அடித்தது. எடுக்கவில்லை. மறுபடி அடித்தது. பூபாலன் உள்ளே புது பூட்ஸைப் போட்டு நடந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"சொல்லுங்கண்ணா" என்றேன்.