வெர்னர் மூடி வைத்த வால்வு

ஹான்காக், ஞாயிறு மாலை

அன்புள்ள கைசா,

உன் வெர்னர் சித்தப்பாவின் தொண்டையில் செருகியிருந்த செயற்கைச் சுவாசக் குழாயை இன்று காலை எடுத்துவிட்டார்கள். இதய நோய்ப் பிரிவின் தலைமைச் செவிலி தொலைபேசியில் சொன்னார், மதியம் நானும் அம்மாவும் போய்க் கண்ணாலும் பார்த்தோம். தானாக மூச்சு விடுகிறான், ஆளைத் தெரிகிறது. எங்கள் இருவர் உடம்புக்கும் ஒன்றுமில்லை, அந்த வெயில் ஊரில் நீயும் பிள்ளைகளும் அதேபோல் இருக்க வேண்டும். அன்றைக்கு அம்மா அழுதுகொண்டே சொன்னதில் உனக்குப் பாதிதான் விளங்கியிருக்கும் என்பதால் நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

பனியை வாரி வீசும் ஸ்னோ புளோவர் எந்திரம் எனக்கும் அவனுக்கும் பொது என்பது உனக்குத் தெரியும். ஒரு கோடை என் கொட்டகையில் கிடக்கும், மறு கோடை அவன் கொட்டகையில். இந்த முறை அவனிடம் இருந்தது. மான் வேட்டைக்குக் கிளம்பும் அவசரத்தில் டிரக்கிலிருந்து நம் வீட்டில் இறக்கி வைத்துவிட்டு, காப்பிகூடக் குடிக்காமல் போய்விட்டான். நன்றி நாள் பண்டிகைக்கு முந்தின திங்களன்று ஏரிப் பக்கமிருந்து பனி கொட்டத் தொடங்கியது. நான் கயிற்றை இழுத்தேன், எந்திரம் இருமக்கூட இல்லை. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி இரும்போடு வைத்துப் பார்த்தேன், பொறி நன்றாகவே வந்தது. சோக்கை இழுத்தும் விட்டும் பார்த்தேன். டேங்கில் இருந்ததை மேல்வழியாக உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதுப் பெட்ரோல் ஊற்றினேன். கடைசியாக, டேங்கிலிருந்து பெட்ரோல் இறங்கி நிற்கும் கார்புரேட்டர் கிண்ணத்தைக் கழற்றினால் உள்ளே ஒரு சொட்டு இல்லை. பழைய பெட்ரோல் பிசினாகி வழியை அடைத்துவிட்டது, இது வெர்னரின் அலட்சியம் என்று அங்கேயே முடிவு கட்டிவிட்டேன்.

செவ்வாய் மாலை அவனைப் போனில் கூப்பிட்டு, "பழைய பெட்ரோல உள்ளயே விட்டு மெஷினக் கெடுத்துட்டியேடா, உன்ன நம்பிக் குடுத்தேன் பாரு" என்றேன். அவன் சிரித்தான். "என்னண்ணே, பேப்பர்ல இருந்த ஆளு, எதிர்த்தரப்பக் கேக்காமலே செய்தி போட்டுட்டியா, கொஞ்சம் கேளு" என்றான். கேட்கவில்லை, போனை வைத்துவிட்டேன். செய்தித்தாளில் இருந்த காலமெல்லாம், சம்பந்தப்பட்ட ஆளைக் கேட்காமல் வந்த செய்தியை நான் அச்சுக்கு விட்டதில்லை, கைசா.

மறுநாள் விடிந்ததும் அவன் பெரிய பனி வாரியோடு நம் வாசலில் நிற்கிறான். சாலையைச் சுத்தம் செய்யும் வண்டி நம் வாசல் முனையில் தள்ளிவிட்டுப் போகும் பனி மேடு எப்படி இறுகும் என்று உனக்கே தெரியும். என் இடுப்பு ஆபரேஷனுக்குப் பிறகு நான் அதைத் தொடக் கூடாது என்று வந்திருக்கிறான். அம்மா ஜன்னல் வழியே பார்த்துவிட்டு, "தம்பி வந்து அள்ளிட்டிருக்காருங்க, உள்ள கூப்பிடுங்க, காப்பி குடிச்சிட்டு அள்ளட்டும்" என்றாள். "அள்ளட்டும், கெடுத்தவன்தானே அள்ளணும்" என்றேன் நான், நாற்காலியை விட்டு எழாமலே. பொறுத்துப் பார்த்துவிட்டு அம்மாவே காப்பியை எடுத்துக்கொண்டு போனாள். அவன் அந்த மேட்டில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். களைத்துப்போய் உட்கார்ந்திருக்கிறான் என்றுதான் கிட்டே போகும்வரை நினைத்தாளாம், மாரடைப்பில் நினைவிழந்து கிடந்திருக்கிறான்.

இன்று அவன் முதலில் பேசியது என்ன தெரியுமா? குரல் கரகரவென்று இருந்தது, நான் குனிந்து காதைக் கொடுத்தேன். "வால்வத் திறந்தியாண்ணே" என்றான். எந்த வால்வு என்றேன். "டேங்குக்கு அடியில, பெட்ரோல் இறங்குற வால்வு. படகு மோட்டாருக்குச் செய்ற மாதிரி மூடிட்டு, அது தானா நிக்கிற வரைக்கும் ஓட விட்டுத்தான் வச்சேன். சொல்ல வந்தேன், நீ போன வச்சுட்ட" என்றான். இவ்வளவு பேசக் கூடாது என்று செவிலி எங்களை வெளியே அனுப்பிவிட்டார். நான் எப்போதும் டேங்கை நிரப்பி, பெட்ரோல் கெடாமலிருக்க மருந்தைக் கலந்து வைப்பவன். அந்த வால்வை நான் திருப்பியதே இல்லை, இருப்பதே மறந்துபோயிருந்தது. வீட்டுக்கு வந்ததும் டேங்குக்கு அடியில் கையை விட்டுத் தடவித் திருப்பினேன். இரண்டாம் இழுப்பில் கிளம்பிவிட்டது. அந்தச் சத்தத்தைக் கேட்க முடியாமல் உடனே நிறுத்திவிட்டேன். கிண்ணம் காய்ந்து கிடந்ததே அவன் ஒழுங்காகப் பராமரித்ததற்கு அத்தாட்சி. அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் அவனைத் திட்டினேன்.

நன்றி நாள் வான்கோழி இன்னும் உறைந்தபடியே கிடக்கிறது. அம்மா அவனுக்காக ஏலக்காய் ரொட்டி சுட்டிருக்கிறாள், இப்போதைக்குக் கொடுக்கக் கூடாதாம். நீ அவசரப்பட்டுக் கிளம்பி வராதே, பாதைகள் சரியில்லை. அவனோடு பேச அனுமதி கிடைத்தால் பிள்ளைகளைப் பற்றிச் சொல்லு, எந்திரத்தைப் பற்றி வாயைத் திறக்காதே. பாலைவனத்தில் வண்டி ஓட்டும்போது தண்ணீர் வைத்துக்கொள்ள மறக்காதே. உனக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு குறையும் வராமலிருக்க இரண்டு பேரும் வேண்டிக்கொள்கிறோம்.

இன்னொரு ரத்தக் குழாயிலும் அடைப்பு இருக்கிறது. அதற்கு மார்பைத் திறக்க வேண்டுமா என்பதைப் புதன்கிழமை பரிசோதனைக்குப் பிறகு சொல்வதாக டாக்டர் சொல்லியிருக்கிறார். நாற்காலியில் இருந்தபடி நான் சொன்னது அவன் காதுக்கு எட்டவில்லை, அம்மா மட்டும்தான் கேட்டாள். அதை நானே அவனிடம் சொல்ல வேண்டும். அவன் மனதை அசைக்கும் எதையும் புதன் வரை பேசக் கூடாது என்று டாக்டரின் உத்தரவு.

இப்படிக்கு,
அப்பா ஆர்வோ