திருப்பிப் பிடித்த லென்ஸில் தெரிந்த விரிசல்

இன்று காலை வீட்டில் கருகிய வாடை வந்தது. வயரிங் வேலைக்கு வந்தவர் ஃபியூஸ் கட்டையைக் கழற்றி என் கையில் கொடுத்தார். வெள்ளைப் பீங்கான், ஓரத்தில் மட்டும் கறுப்பு. என்னையறியாமல் அதை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். உடனே அந்தப் பழைய பயம் திரும்பி வந்தது. நீ கண்ணை மூடி இரண்டு வருஷம் ஆகிறது. இருந்தாலும் உனக்குத்தான் எழுதத் தோன்றியது.

விருத்தாசலத்தில் நாம் வேலை பார்த்த பீங்கான் கம்பெனியில், சூளையிலிருந்து வரும் ஃபியூஸ் கட்டைகளில் நல்லதையும் கெட்டதையும் பிரிப்பது என் வேலை. அடுத்த மேசையில் நீ பெட்டி கட்டுவாய். ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் என் கையெழுத்துப் போட்ட சீட்டு போகும். ஊரில் கேமராவுக்கு இன்னும் ஃபிலிம் சுருள் வாங்கிக்கொண்டிருந்த காலம் அது.

அந்த வைகாசியில் வந்த சரக்கில், கட்டைக்குக் கட்டை மயிரிழை போல ஒரு கோடு. மேற்பார்வையாளரிடம் காட்டினேன்.

"அது மேல்பூச்சுல வுழுந்த கோடும்மா, விரிசல் இல்ல. கையெழுத்து போடு" என்றார்.

போட்டேன். அதன்பிறகு சோறு இறங்கவில்லை. யாரோ ஈரக் கையோடு அந்தக் கட்டையைப் பிடுங்குவதும், அது கைக்குள்ளேயே இரண்டாகப் பிளப்பதும் கண்முன் வந்துகொண்டே இருந்தது. செவ்வாய்க்கிழமை லாரி ஏற்றப் போகிறார்கள் என்று உன்னிடம் சொன்னபோது அழுதுவிட்டேன்.

"அழுவாத. ரெண்டு கட்டைய எடுத்தாந்து குடு. படம் புடிச்சிக் காட்டுவோம்" என்றாய்.

உன் வீட்டுக்காரர் துபாயிலிருந்து அனுப்பிய கேமரா உன்னிடம் இருந்தது. ஒருநாள் துடைப்பதற்காக லென்ஸைக் கழற்றியவள், அதைப் பின்பக்கமாகத் திருப்பிப் பிடித்தால் சின்னது பெரிதாகத் தெரிவதைக் கண்டுபிடித்திருந்தாய். முருங்கைப் பூவில் நின்ற எறும்பின் மீசையைக்கூட எனக்குக் காட்டியிருக்கிறாய். "இதுக்குன்னு தனி லென்ஸு வாங்க நமக்கு ஏது வசதி? இது போதும்டி" என்பாய்.

சனிக்கிழமை சாயங்காலம் இரண்டு கட்டைகளைச் சாப்பாட்டுத் தூக்கில் போட்டுக்கொண்டு கேட்டுக்கு வந்தேன். வாட்ச்மேன் தூக்கைத் தொட்டுப் பார்த்தார்.

"என்னாம்மா, கனமா இருக்குது. சாப்புடலியா?"

"பசிக்கலண்ணே."

தெருமுனை திரும்பும்வரை பின்னால் திரும்பிப் பார்க்கவே இல்லை.

மறுநாள் உச்சிவெயிலில் உன் வீட்டு மொட்டை மாடிக்குப் போனோம். கோட்டின் மேல் நீல மையைத் தேய்த்துத் துடைத்தாய். லென்ஸைத் திருப்பி வைத்து, சைக்கிள் டியூப் துண்டால் கேமராவோடு சேர்த்துக் கட்டினாய். கட்டைக்கு நான்கு விரல் தூரத்தில் குனிந்து, உடம்பை முன்னும் பின்னும் நகர்த்தித்தான் தெளிவு பார்க்க வேண்டியிருந்தது. ஒரு நூல் அசைந்தாலும் எல்லாம் கலங்கிப் போகும். "மூச்சு வுடாத" என்றாய், கட்டையைப் பிடித்திருந்த என்னிடம். பிறகு என்னையும் பார்க்கச் சொன்னாய். மை உள்ளே இறங்கி, கிளை கிளையாய்ப் பிரிந்து ஓடியது. பூச்சில் விழுந்த கோடில்லை அது. அதற்கு நான் கையெழுத்துப் போட்டிருந்தேன்.

திங்கட்கிழமை ஸ்டுடியோக்காரர் பிரிண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "என்னாங்க இது, ஆத்துப் படமா?" என்றார். நீ சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அங்கிருந்து நேராக முதலாளி அறைக்குப் போனோம். அவர் படத்தை வெகுநேரம் பார்த்தார். மேற்பார்வையாளர் சுவரோரமாக நின்றிருந்தார்.

"இத யாரு எடுத்தது?"

"நான்தாங்க" என்றாய்.

"கட்டைய வெளிய எடுத்துட்டுப் போனது?"

அதற்கு நான் பதில் சொல்லியிருக்க வேண்டும். என் இரண்டு பிள்ளைகளின் முகங்களும் கண்முன் வந்து போயின. உனக்கும் ஒரு மகள் இருந்தாள். அது அப்போது என் நினைவுக்கு வரவில்லை.

"அதுவும் நான்தாங்க" என்றாய்.

லாரி போகவில்லை. அந்தச் சரக்கு முழுவதையும் உடைத்துப் போட்டார்கள். கேட்காமல் பொருளை வெளியே கொண்டுபோனதாக உன்னை அன்றைக்கே வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, "போயிட்டு வரேன்டி" என்றாய். நான் அடுத்த கட்டையைக் கையில் எடுத்தேன்.

பிறகு நீ காதுகுத்து, வளைகாப்பு என்று படம் எடுக்கப் போனாய். என் வீட்டு விசேஷத்துக்கும் வந்தாய். அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நீ ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது சொல்லிவிட வேண்டுமென்றுதான் வந்தேன். ஆரஞ்சு உரித்துக் கொடுத்துவிட்டுத் திரும்பினேன்.

போன மாதம்தான் உன் மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கட்டையை வெளியே எடுத்துவந்தது நான், வாய் திறக்காமல் நின்றதும் நான் என்று. அவள் கோபப்படவில்லை.

"அம்மா எப்பவோ சொல்லிட்டாங்க அத்தை. அன்னிக்கி வூட்டுக்கு வந்து பின்வாசல்ல வாந்தி எடுத்தாங்களாம். அவ்ளோ பயமாம் அவங்களுக்கு" என்றாள்.

உனக்குப் பயமே கிடையாது என்று இத்தனை வருஷமும் நம்பியிருந்தேன். அதனால்தான் உன்னால் முடிந்தது, என்னால் முடியவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். இனி அப்படிச் சொல்லிக்கொள்ள முடியாது. அந்த அறையில் நாம் இரண்டு பேரும் ஒரே அளவுக்குத்தான் பயந்துபோய் நின்றிருந்தோம்.