வெயிலில் தெரிகிற உன் புள்ளிகள்

இந்தாமே, பொருள் வந்துவிட்டது.

கூரியர்காரர் கொடுத்துவிட்டுப் போன பெட்டியை வாசலிலேயே நின்று பிரித்தேன். கையகல ஸ்கிரீன்தான். வீட்டுக்குள் வைத்துப் பார்த்தபோது மங்கலாக, தூங்கி எழுந்த முகம் மாதிரி இருந்தது. சரி, இதுவும் ஏமாற்று என்று எனக்கு ஒரு நிம்மதி வந்தது. ஞாயிற்றுக்கிழமை மகள் வந்து உன் புள்ளிகளை அதில் ஏற்றியதும் மொட்டை மாடிக்கு எடுத்துக்கொண்டு போனேன். சித்திரை மாதத்து உச்சி வெயில், தரையில் கால் வைக்க முடியவில்லை. அந்த வெயிலில் பிடித்தால், பாழாய்ப்போனது, அத்தனை தெளிவாகத் தெரிகிறது! வெயில் விழ விழ நிறம் துலங்குகிறது. மலைப்பாதை, ஓடை, நீ வைத்த சிவப்பு, நீலம், பச்சைப் புள்ளிகள், எல்லாம் தெரிகின்றன. சூடு பொறுக்காமல் காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு அங்கேயே நின்றேன். இனி மலைக்குப் போகமாட்டேன் என்று சொல்ல என்னிடம் ஒரு சாக்கும் மிச்சமில்லை.

எனக்கு வழி மனதில் தங்காது என்பது உனக்குத் தெரியும். “வயரு எங்க போவுதுன்னு தெரியும், ரோடு எங்க போவுதுன்னு தெரியாது” என்று கல்யாணமான புதிதிலேயே என்னை எடைபோட்டவள் நீ. கீழே கள்ளக்குறிச்சியில் என்றால் யாரையாவது கேட்டுக்கொண்டு போய்விடலாம். கல்வராயன் மலையில் யாரைக் கேட்பது? வெள்ளிமலையைத் தாண்டினால் சிக்னல் கிடையாது. போன மழைக்கு இருந்த தடம் இந்த மழைக்கு இருக்காது. காட்டுக்கு ஒரு வீடாகச் சிதறிக் கிடக்கும். அந்த வீடுகளின் சோலார் மோட்டார்களைத்தான் நான் ரிப்பேர் பார்த்தேன். சோலார் மோட்டாரை வெயில் அடிக்கும்போதுதான் ஓட்டிப் பார்க்க முடியும். அதனால் நாம் போன நேரமெல்லாம் மண்டையைப் பிளக்கிற நேரம்.

நீ பின்னால் உட்கார்ந்து, சிக்னல் இல்லாமலே பார்க்கிற மாதிரி போனில் இறக்கி வைத்த மேப்பைப் பார்ப்பாய். பார்ப்பாய் என்று சொல்கிறேன், எங்கே பார்ப்பது? அந்த வெயிலில் போன் வெறும் கறுப்புக் கண்ணாடி. “வழி தெரியலன்னா இன்னாங்க, என் மூஞ்சி நல்லாத் தெரியுது” என்று அதைப் பார்த்தே பொட்டைச் சரிசெய்து கொள்வாய். அப்புறம்தான் அந்த முந்தானை வித்தை வந்தது. முந்தானையைத் தலையோடு இழுத்துப் போர்த்தி, உள்ளே இருட்டாக்கி, அதற்குள் போனைப் பிடித்துக்கொள்வாய். எதிரே வருகிறவர்கள் உனக்கு ஏதோ காய்ச்சல், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று நினைத்து வண்டிக்கு வழி விடுவார்கள். காற்றில் நீ கத்தினாலும் என் காதில் விழாது. இடது தோளில் தட்டினால் இடது பக்கம், வலது தோளில் தட்டினால் வலது பக்கம், முதுகில் தட்டினால் நிறுத்து. சண்டை போட்டுக்கொண்டு புறப்பட்ட நாட்களில் தட்டு கொஞ்சம் பலமாகவே விழும்.

புள்ளிகளும் உன் ஏற்பாடுதான். நாய் கடிக்க வரும் வீட்டுக்குச் சிவப்பு. நல்ல தண்ணீர் கிடைக்கும் இடத்துக்கு நீலம். சாப்பிட்டுவிட்டுப் போ என்று உட்கார வைக்கும் வீட்டுக்குப் பச்சை. “மஞ்ச வாணாங்க, வெயில்ல சுத்தமாத் தெரியாது” என்று மஞ்சளை ஒதுக்கிவிட்டாய். ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு பேர் வைத்தாய். வழுக்கி வுட்ட பாறை. மூக்குத்தி தொலைஞ்ச ஓடை. கருப்பு நாயி வூடு. மேப் செய்த கம்பெனிக்காரன் பார்த்தால் மயங்கி விழுந்திருப்பான்.

அதில் ஒரு பச்சைப் புள்ளியைப் பற்றித்தான் இன்று உனக்கு எழுத வேண்டும். ஈ அடிச்ச வூடு.

அன்றைக்கு நீ முந்தானைக்குள் இருந்தாய். என் வலது தோளில் ஓங்கி ஒரு தட்டு விழுந்தது. காலையில் சட்னிக்கு உப்பில்லை என்று நான் சொன்னதற்கான கோபம் என்று நினைத்துக்கொண்டு, மறுபேச்சில்லாமல் வண்டியை வலது பக்கம் ஒடித்தேன். வண்டி வரப்பைத் தாண்டி மரவள்ளிக்காட்டுக்குள் இறங்கிச் சாய்ந்துகொண்டது. கையில் கொடுவாளோடு ஓடி வந்தாள் ஒருத்தி.

“யாருய்யா அது, மரவள்ளிக்குள்ள வண்டிய வுட்டது? கண்ணு அவிஞ்சா பூட்டுது?”

நீ முந்தானையை விலக்கிக்கொண்டு, அவளை விட்டுவிட்டு என்னைப் பிடித்தாய். “இந்தப் பக்கம் ஏன் வந்தீங்க?”

“நீதானே தட்டினே?”

“அய்யோ சாமி! நான் மாட்டு ஈய அடிச்சேங்க!”

கொடுவாளைக் கீழே போட்டுவிட்டு அந்தப் பெண் சிரித்தாள் பார், அவள் சிரிப்பில் நீயும் தரையில் உட்கார்ந்துவிட்டாய். நான் மட்டும் மிதித்த மரவள்ளிச் செடிகளை நிமிர்த்திக்கொண்டிருந்தேன். அவள் வீட்டு மோட்டார் ஓடாமல் கிடக்கிறது என்பது அப்புறம்தான் தெரிந்தது. ரிப்பேர் பார்த்தேன். சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் போட்டாள். புறப்படும்போது நீ பச்சைப் புள்ளி வைத்துப் பேரை எழுதினாய். அன்றிலிருந்து அவளுக்கு நீ அக்கா, நான் அண்ணன்.

வெயிலில் தெரிகிற ஸ்கிரீன் வேண்டும் என்று முதலில் கேட்டவளே நீதான். “உள்ள வெந்து சாவுறேங்க. ஊரு உலகத்துல எவ்வளவோ கண்டுபிடிக்கிறானுங்க, வெயில்ல பாக்கற மாதிரி ஒண்ணு செய்ய மாட்டானா?” கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு போன் கடைக்குப் போனோம். கடைக்காரப் பையன் ஒரு போனை எடுத்து வெளிச்சத்தைக் கூட்டிக் காட்டினான். நீ அதை வாங்கிக்கொண்டு விறுவிறுவென்று நடு ரோட்டுக்குப் போய் வெயிலில் பிடித்தாய். ஷேர் ஆட்டோக்காரர்கள் ஹாரன் அடிக்கிறார்கள், போனைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறாய் என்று கடைக்காரன் பின்னால் ஓடி வருகிறான். “தம்பி, கடைக்குள்ள எல்லாம் நல்லாத்தான் தெரியும். எங்களுக்கு இங்க தெரியணும்” என்று நடு ரோட்டில் நின்று அவனுக்குப் பாடம் எடுத்தாய். தேடிப் பார்ப்போம் என்று வந்துவிட்டோம்.

தை பிறந்தது. நெஞ்சு அடைக்கிறது என்று சொல்லி உட்கார்ந்தாய். அதற்குமேல் எழுத எனக்குக் கை வரவில்லை.

காரியம் முடிந்து ஆட்கள் கலைந்தார்கள். திருக்கோவிலூரிலிருந்து வந்த மகளும் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் என்று புறப்பட்டுப் போனாள். மலையிலிருந்து போன் வர ஆரம்பித்தது. சிக்னல் கிடைக்கும் இடம்வரை நடந்து வந்து கூப்பிடுகிறார்கள். எல்லோரும் மோட்டாரைச் சொல்லிவிட்டுக் கடைசியில் ஒன்று கேட்டார்கள், அக்கா எப்படி இருக்குது. நான் ‘ம்’ என்றேன். வேறென்ன சொல்வது? காட்டில் நின்றுகொண்டு கேட்கிறவர்களிடம், விட்டு விட்டுக் கேட்கிற போனில், இதையா சொல்வது? “வெயில்ல மேப்பு தெரிய மாட்டேங்குதும்மா, புதுசா ஒண்ணு தேடிக்கினு இருக்கேன், வந்ததும் வரேன்” என்றேன்.

பொய் இல்லை. தேடினேன். மகள் போனிலேயே ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்து அனுப்பினாள். ஒன்று காகிதம் மாதிரி ஸ்கிரீன், வெயிலில் அருமையாகத் தெரிந்தது. ஆனால் கறுப்பு வெள்ளை. உன் புள்ளிகள் எல்லாம் சாம்பல் நிறமாகிவிட்டன, நாயும் சோறும் ஒன்றாகிப் போனது. திருப்பி அனுப்பிவிட்டேன். இன்னொன்றில் நிறம் இருந்தது, படம் மாறுவதற்குள் திருப்பமே தாண்டிவிடும். வேறொன்று வெளிச்சத்தை அள்ளிக் கொட்டியது, வெயிலில் சூடாகி அதுவாகவே அணைந்துபோனது. ஒவ்வொன்றும் தோற்கத் தோற்க எனக்கு உள்ளுக்குள் நிம்மதி. மகள் உன் வயிற்றில் பிறந்தவள் இல்லையா, பிடித்துவிட்டாள்.

“யப்பா, ஒனக்கு ஸ்கிரீன்தான் பிரச்சனையா? இல்ல மலைக்குப் போறதா?”

“இன்னாடி பேசற, வழி தெரியாம எங்கன்னு போறது?”

“வழிக்கு ஒரு வழி பண்ணலாம்ப்பா. அம்மா எங்கன்னு மலைல கேப்பாங்களே, அதுக்குத்தானே பயப்படற?”

போனை வைத்துவிட்டேன். அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. ஆமாம், பயந்தேன். இங்கே தெருவில் எல்லோருக்கும் தெரியும், நானாகப் போய் யாரிடமும் சொல்லத் தேவையிருக்கவில்லை. மலையில் ஒவ்வொரு வீட்டிலும் நான் என் வாயால் சொல்ல வேண்டும். நீ செத்துப்போனாய் என்று.

இந்தப் பொருளை வாங்கி அனுப்பியவளும் அவள்தான். உள்ளிருந்து வெளிச்சம் அடிக்காதாம், மேலே விழுகிற வெயிலையே வெளிச்சமாக எடுத்துக்கொள்ளுமாம். ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து உன் போனிலிருந்து புள்ளிகளை மாற்றிக் கொடுத்தாள். ஒன்றாவது விட்டுப்போய்விடுமோ என்று நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். பேர்களைச் சத்தமாகப் படித்துக்கொண்டே வந்தவள் மூக்குத்தி தொலைஞ்ச ஓடைக்கு வந்ததும் நிறுத்திக்கொண்டாள்.

அவள் போன மறுநாளே மரவள்ளிக்காரி கூப்பிட்டாள். “அண்ணே, ஆட்டுக்குக்கூடத் தண்ணி இல்லண்ணே. செடியெல்லாம் வாடுது. அக்காவ இட்டுக்கினு நாளைக்கே வாண்ணே.” என்ன சாக்குச் சொல்வது? வரேம்மா என்றேன்.

இன்றைக்குப் போனேன். கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறும்வரை பழக்கப்பட்ட ரோடு, சிரமம் தெரியவில்லை. வெள்ளிமலைக்கு அப்பால், ஹேண்டில்பாரில் மாட்டியிருந்த அதைப் பார்த்துப் பார்த்து ஓட்டினேன். துல்லியமாகத் தெரிந்தது. ஒரு திருப்பம்கூடத் தப்பவில்லை. மர நிழலுக்குள் போனால் மட்டும் மங்கிவிடும், வெளியே வந்ததும் தெளியும். கவட்டை மாதிரி பிரிகிற இடங்களில் ஸ்கிரீன் இடது என்று காட்டிய பிறகும் நான் வண்டியை நிறுத்திக்கொண்டு நின்றேன். என் தோளில் ஒன்றுமே விழவில்லை. முதுகு முழுக்கக் காற்று. பின்னால் ஆள் இல்லாத வண்டி மேட்டில் இத்தனை லேசாக ஏறும் என்று எனக்குத் தெரியாது, மே. அது எனக்குப் பிடிக்கவே இல்லை.

அவள் வீட்டுக்குக் கீழே அந்தச் செங்குத்து ஏற்றம் வந்தது. அங்கே நீ எப்போதும் இறங்கிக்கொள்வாய். நான் வண்டியோடு முன்னால் ஏறிப் போய்விடுவேன், நீ மூச்சு வாங்க, என்னைத் திட்டிக்கொண்டே நடந்து வருவாய். அது என் நினைவுக்கே வரவில்லை. உன் அந்தப் பழக்கத்தால் என்ன ஆயிற்று தெரியுமா? நான் தனியாக வந்து நின்றது அவளுக்கு விநோதமாகவே படவில்லை.

“வாண்ணே. அக்கா ஏறி வருதா?” என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக்கூட நிற்கவில்லை. உள்ளே போய் ரெண்டு சொம்பு மோர் கொண்டுவந்தாள். ஒன்றை என்னிடம் கொடுத்தாள். இன்னொன்றின்மேல் ஈ உட்காராமல் தட்டை வைத்து மூடிவிட்டு, ஏற்றத்தைப் பார்த்தபடி உட்கார்ந்தாள்.

வாயைத் திறந்தேன். மோட்டாரைப் பார்க்கிறேன் என்று சொல்லிக்கொண்டு எழுந்து போய்விட்டேன். கண்ட்ரோலர் பெட்டிக்குள் எறும்பு மண் கட்டியிருந்தது. சுரண்டினேன், துடைத்தேன், வயரை மாற்றினேன். சின்ன வேலை, வேண்டுமென்றே இழுத்தேன். அங்கிருந்து பார்த்தால் அவள் எழுந்து எழுந்து கீழே எட்டிப் பார்ப்பது தெரிந்தது. மோட்டார் ஓடித் தண்ணீர் கொட்டியது. அதற்குக்கூட அவள் ஓடி வரவில்லை.

“இன்னாண்ணே, அக்கா இன்னும் வரலியே? வழில எங்கியாவது உக்காந்துக்கிச்சா? நான் போயி இட்டாரட்டா?”

செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கவே போய்விட்டாள். அப்போதுதான் சொன்னேன். “போவாதம்மா. அக்கா வராது. தை மாசமே பூட்டுது.”

அவள் கத்தி அழவில்லை. ஏற்றத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். “போன்ல ஒரு வார்த்த சொல்லலியே அண்ணே” என்றாள். நான்தான் அழுதேன். காரியத்தன்றுகூட அப்படி அழவில்லை. தண்ணீர் வாய்க்கால் நிறைந்து மரவள்ளிக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து, “அக்கா இல்லாம ஒனக்கு யாரு வழி சொன்னா?” என்று கேட்டாள். வண்டியிலிருந்து கழற்றி எடுத்து வந்து வெயிலில் நீட்டினேன். இது என்ன பச்சை என்றாள். “ஒன் வூடுதாம்மா, அக்கா வச்ச பேரு” என்று படித்துக் காட்டினேன். ஈ அடிச்ச வூடு. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். மூடிய அந்த மோரை அவள் யாருக்கும் கொடுக்கவில்லை, கொட்டவும் இல்லை. நான் புறப்படும்போதும் அது தட்டோடு அங்கேயே இருந்தது.

ஏற்றத்தை இறங்கியதும் வண்டியை நிறுத்தினேன். நீ வைத்த பேரைத் தொடவில்லை. நிறத்தை மட்டும் மாற்றினேன். நீ ஒதுக்கி வைத்த மஞ்சள், இந்த ஸ்கிரீனில் வெயிலிலும் தெரிகிறது, மே. நீ செத்த சேதி தெரிந்த வீட்டுக்கு இனி மஞ்சள் என்று வைத்துக்கொண்டேன். மலை முழுக்க ஒரே ஒரு மஞ்சள் புள்ளி.

மற்ற வீடுகளிலும் மோட்டார் நின்றுதான் கிடக்கிறது. ஆடு மாடு தண்ணீருக்குத் தவிக்கும்போது நான் வீட்டில் உட்கார்ந்திருந்தால் நீயே என்னைச் சும்மா விடமாட்டாய். போவேன். ஒவ்வொன்றாகப் போய்ச் சொல்வேன். ஆனால் ஒரே நாளில் ரெண்டு வீட்டுக்குப் போகமாட்டேன், அதை மட்டும் கேட்காதே. சிவப்பும் பச்சையுமாக இருக்கிற அந்த வீடுகளில் எல்லாம், நீ இன்னும் என்னைத் திட்டிக்கொண்டே ஏற்றத்தில் பின்னால் நடந்து வந்துகொண்டிருக்கிறாய்.