அந்த மலை இசையின் பெயர்

மேசை இழுப்பறையைத் துப்புரவு செய்கையில் அந்தக் கேசட் தட்டுப்பட்டது. அதன் முதுகில் நீ அடைத்த காகிதச் சுருள் அப்படியே இருக்கிறது. நீ போய்ச் சேர்ந்து நாற்பது நாளாகிறது. எனக்கு இன்னும் ஆறவில்லை.

தொண்ணூறுகளில் துபாய்ப் பக்கம் ராஸ் அல் கைமாவில் ஒரே ரூமில் இருந்தோம். நான் பள்ளிக்கூடத்துக்கு, நீ கல்குவாரிக்கு. ஊரிலிருந்து கேசட்டில் வரும் குரலைக் கேட்டுவிட்டு, அதன்மேலேயே பதில் பேசி, லீவில் போகிறவர் கையில் கொடுத்தனுப்புவோம். அப்படி என் மனைவியின் குரலை நானே பலமுறை அழித்திருக்கிறேன். அவள் இறந்தபோது எஞ்சியது ஒரே கேசட். இனி யாரும் எதையும் பதியக் கூடாதென்று அதன் முதுகிலிருந்த இரண்டு பற்களையும் உடைத்து வைத்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை கடைக்குப் போய்த் திரும்பினேன். நீ ரேடியோ முன்னால் கண்மூடி உட்கார்ந்திருந்தாய்.

"உக்காருங்க வாத்தியாரே. வெள்ளைக்காரன் நூறு வாத்தியத்த வச்சு ஒரு மலைய ஏறி இறங்குறான். மாட்டு மணிகூடக் கேக்குது. தினம் மலைய உடைக்கிறேன், இப்பத்தான் அது என்னன்னே தெரியுது."

"எதுல பதியிற?"

"அலமாரியில கிடந்துச்சு. கேசட்டுன்னா அழிச்சு அழிச்சுப் பேசுறதுதானே?"

கரும்பலகையைத் துடைக்குமுன் கடைசி பெஞ்சு எழுதி முடித்ததா என்று கேட்கவேண்டும். பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுத்த முதல் மரியாதை அது. உடைந்த பல்லைப் பார்க்காமல் செய்திருந்தால் உன்னை மன்னித்திருப்பேன். பார்த்துத்தான், மறுபடி பதிவாகட்டுமென்று அந்த ஓட்டையில் காகிதம் அடைத்தாய். யார் குரலென்று சொன்னதும் அன்று அழுதாய். மறுநாளே, "அந்த மலைய இன்னொரு தடவ போடுங்களேன்" என்றாய். "மாஃபி, கிடையாது" என்று பெட்டியில் வைத்துப் பூட்டினேன்.

இசையின் பெயர் உனக்குத் தெரியாது. அறிவிப்பு முடிந்த பிறகுதான் ரேடியோவைத் திருப்பியிருந்தாய். பர் துபாயில் கேசட் கடை கடையாக ஏறி, அந்த மெட்டை வாயால் பாடிக் காட்டினாய். "பாய், இது என்ன, ஒட்டகம் கத்துதா?" என்றார் ஒரு கடைக்காரர். பக்கத்தில் நின்று நானும் சிரித்தேன். எங்கள் பள்ளி இசை ஆசிரியையிடம் கேசட்டைப் போட்டுக் காட்டினேன்; அரை நிமிடம் கேட்டதுமே பெயரைச் சொல்லிவிட்டார். உன்னிடம் நான் சொல்லவில்லை.

சாவதற்கு முந்தின வாரம் போன் செய்தாய். "அந்த மலைப் பாட்டு பேரு எப்பவாச்சும் தெரிஞ்சுதா வாத்தியாரே?" மூச்சு வாங்கியது உனக்கு. தெரியாது என்றேன்.

போன வாரம் முதன்முறையாகக் கடைசிவரை போட்டுக் கேட்டேன். இருட்டில் அடிவாரம், ஏற்றம், உச்சி, புயல், இறக்கம். பிறகு 'டக்' என்று நீ நிறுத்திய சத்தம். அதற்கப்புறம், அழியாமல் மிஞ்சிய என் மனைவியின் குரல்: "டேப்பு முடியப்போவுதுங்க. மீதிய அடுத்ததுல சொல்றேன்."

வேகமாக ஓட்டினால் பழைய நாடா அறுந்துவிடும். அந்த ஒரு வரிக்காக ஒவ்வொரு முறையும் உன் மலை முழுவதையும் நான் ஏறி இறங்க வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு சுரமும் இப்போது எனக்கு மனப்பாடம்.

பெயரை இந்தக் கடிதத்திலும் எழுதப்போவதில்லை. தேடிக்கொண்டே இரு.