பட்டியலில் கீழே போன பெயர்

தம்பி, உன் சொந்த நாடு உன்னை வீட்டுக்குப் போகவிடவில்லை. நடந்த தவறு அதுதான். எந்தப் பக்கம் திருப்பிச் சொல்லிப் பார்த்தாலும் எனக்கு வேறு மாதிரி வரவில்லை. தன் குடிமகனைப் பார்த்து, நீ நிற்கிற இடத்திலேயே நில் என்றது ஆஸ்திரேலியா. பிறகு, மீறி வந்தால் சிறை என்றது. நீ நின்றாய். நின்ற இடத்திலேயே செத்துப்போனாய்.

இன்று காலை பீரோவைத் திறந்து உன் பாஸ்போர்ட்டை வெளியே எடுத்தேன். மெல்போர்னிலிருந்து உன் மனைவி கேட்டிருக்கிறாள். ரத்து செய்வதற்காக அதை ஒப்படைக்க வேண்டுமாம். நீல அட்டை. கங்காருவும் ஈமுவும் எதிரெதிரே நிற்கும் முத்திரை. முதல் பக்கத்தில் இருப்பதை அகராதி வைத்துக்கொண்டு படித்தேன். இதை வைத்திருப்பவர் எங்கள் குடிமகன், அவரைத் தடையில்லாமல் போகவிடுங்கள், வேண்டிய உதவியும் பாதுகாப்பும் கொடுங்கள் என்று அந்த நாடு உலகத்தில் உள்ள எல்லாரையும் கேட்டுக்கொள்கிறது. நான் ஐந்தாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவள். நீ கல்லூரிக்குப் போன காலத்தில் உன் புத்தகங்களை எழுத்துக்கூட்டிப் படித்துக் கற்ற ஆங்கிலம்தான் என்னிடம் இருப்பது. தப்பாகப் படித்துவிட்டேனோ என்று மறுபடியும் படித்தேன். தப்பில்லை.

இந்தப் பாஸ்போர்ட்டை வாங்கிய வருடம் நீ எனக்குப் போட்டோ அனுப்பினாய். ஏதோ ஒரு மண்டபத்தில் கோட்டு போட்டுக்கொண்டு, கையில் ஒரு சிறிய செடியோடு நிற்கிறாய். குடியுரிமை கொடுக்கும்போது செடியும் கொடுப்பார்கள் என்றாய். "அப்ப நீ இனிமே எங்க ஆளு இல்லையாலே?" என்று போனில் கேட்டேன். "ரெண்டு பக்கமும் ஆளு இருக்குன்னு வச்சுக்கக்கா. எங்க விழுந்தாலும் ஒரு பக்கத்துக்காரன் தூக்குவான்" என்று சிரித்தாய்.

அம்மாவின் ஓராண்டுப் பூசைக்கு வந்தாய். மூன்று வாரம்தான் விடுப்பு. ராயப்பன்பட்டி மாதா கோயிலில் பூசை முடிந்து, வந்தவர்களுக்குச் சாப்பாடு போட்டு, பந்தல் பிரித்த மறுவாரம் கொரோனாவால் விமானங்கள் நின்றுபோயின. பன்னீர் திராட்சை பழுத்துத் தொங்கிய நேரம் அது. லாரி எதுவும் மலையேறி கேரளாவுக்குப் போகவில்லை. கொடியிலேயே அழுகிய பழத்தை நாம் இருவரும் வெட்டிக் கீழே தள்ளினோம். நீ உன் டிக்கெட்டை மாற்றிக்கொண்டே இருந்தாய். முதலில் ஒரு மாதம், பிறகு இரண்டு மாதம். உள்ளே வரும் ஆட்களுக்கு வாரத்துக்கு இத்தனை பேர்தான் என்று உன் நாடு கணக்கு வைத்ததும், விமானக்காரர்கள் விலை கூடிய டிக்கெட்டு வாங்கியவர்களை ஏற்றிக்கொண்டு உன்னைப் போன்றவர்களை இறக்கிவிட்டார்கள்.

நீ அப்போதும் உன் நாட்டை விட்டுக்கொடுக்கவில்லை. நமக்குள் அதற்காக எத்தனை சண்டை. "அக்கா, அங்கன பத்துப் பேருக்கு வந்தாலே ஊரையே அடைச்சிருவாக. அதனாலதான் சாவு கொறைஞ்சிருக்கு. நான் பாத்துக்கிட்ட கெழவன் கெழவியெல்லாம் அதனாலதான் உசுரோட இருக்காக" என்பாய். முதியோர் இல்லத்தில் அவர்களைக் குளிப்பாட்டி, ஊட்டிவிட்டு, படுக்கையை மாற்றுவது உன் வேலை. மெல்போர்னிலும் நோய் பரவியபோது உன் இல்லத்திலேயே ஒவ்வொருவராகப் போனார்கள். உன் கூட வேலை பார்த்தவர்கள் போனில் பெயர் சொல்லச் சொல்ல நீ தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாய். அவர்களில் பாதிப் பேர் மணிக்கணக்குக் கூலிக்காரர்கள், காய்ச்சல் என்று வீட்டில் படுத்தால் அன்றைக்குச் சம்பளம் இல்லை, ஒருத்தியே இரண்டு இல்லம், மூன்று இல்லம் என்று ஓடுகிறாள், நோயும் அவளோடு ஓடுகிறது என்று எனக்கு விளக்கினாய். அங்கே படிக்கப் போன நம் பிள்ளைகளுக்கு உதவிப் பணம் கிடையாது, ஊருக்குக் கிளம்பிப் போங்கள் என்று சொல்லிவிட்டார்கள், அவர்கள் சாப்பாட்டுக்கு வரிசையில் நிற்கிறார்கள் என்றும் சொன்னாய். அதையும் சொல்லிவிட்டு, மறுபடியும், நல்ல நாடுக்கா என்றாய்.

உன் நாடு சுவர் எழுப்பியதை நான் குறை சொல்லவில்லை. அன்றும் இதைத்தான் சொன்னேன். தன் ஆளை உள்ளே எடுத்துக்கொண்டு எழுப்பியிருக்க வேண்டும்.

கொச்சியிலிருந்து ஒரு விமானத்தில் இடம் கிடைத்ததே, நினைவிருக்கிறதா. கேரளாவுக்குள் நுழைய இ-பாஸ் வாங்கி, டெஸ்ட் எடுத்து, கூடலூர்க்காரர் ஒருவருடைய ஜீப்பில் கிளம்பினோம். வழியனுப்ப நானும் வந்தேன். உன் மகளுக்கு வீடியோவில் பெட்டியைக் காட்டி, இரண்டாவது தடவையாக, அப்பா கிளம்பிட்டேன் என்றாய். லோயர் கேம்ப் தாண்டி மலை ஏறத் தொடங்கும்போது உன் போனில் செய்தி வந்தது. உன் இடம் ரத்து. டிரைவர் ஜீப்பை ஓரங்கட்டினார். கீழே பவர் ஹவுஸிலிருந்து வாய்க்காலில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. பிறகு அந்த டிரைவர்தான் கேட்டார்.

"அண்ணே, நான் கேக்குறேன்னு தப்பா எடுத்துக்காதீக. குமுளிக்குப் போக எங்களுக்குப் பாஸு கேக்குறாக, சரி, அது அடுத்த ஸ்டேட்டு. உங்க வீட்டுக்கு நீங்க போறதுக்கும் பாஸா?"

நீ சிரித்தாய். ஜீப் திரும்பியது. ராயப்பன்பட்டி வரும்வரை பெட்டியை மடியிலேயே வைத்திருந்தாய்.

இனி எழுதப்போவதை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, நீ பக்கத்தில் இருந்தவன். ஆனால் வேறு யாருக்கும் இதுவரை சொன்னதில்லை.

அதற்கு ஒன்றிரண்டு மாதம் கழித்து, உன் நாட்டு அலுவலகத்திலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். வெளியில் சிக்கியவர்களின் பட்டியலில் உன் பெயர் இருந்தது. யார் அதிகக் கஷ்டத்தில் இருக்கிறார்களோ அவர்களை முதலில் ஏற்றுவதற்காகக் கேட்கிறாள் என்று நமக்கு அப்போது புரியவில்லை. புரிந்திருந்தாலும் நான் என்ன செய்திருப்பேன் என்று இன்று சொல்ல முடியவில்லை. அடுப்படியில் நீ சாப்பிட்டுக்கொண்டிருந்தாய். ஸ்பீக்கரில் போட்டாய். தங்க இடம் இருக்கிறதா என்று எனக்கும் விளங்கும்படி நிறுத்தி நிறுத்திக் கேட்டாள். சாப்பாட்டுக்கு வழி இருக்கிறதா, மருந்து கிடைக்கிறதா, பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறதா என்றாள். உனக்குச் சர்க்கரை ஏறியிருந்தது. நெஞ்சு அடைக்கிறது என்று இரண்டு முறை கம்பத்துக்கு டாக்டரிடம் கூட்டிப்போயிருந்தேன். தூக்க மாத்திரை இல்லாமல் உனக்குத் தூக்கம் இல்லை. நீ வாயைத் திறந்து, மருந்து விஷயத்தில் கொஞ்சம் சிரமம் என்று ஆரம்பித்தாய்.

எனக்குச் சுருக்கென்றது. யாரோ ஒரு வெள்ளைக்காரியிடம், அக்கா வீட்டில் கஷ்டப்படுகிறேன் என்று என் தம்பி சொல்லுவதா?

"ஏலே, என்னத்தச் சொல்ற? எங்கிட்ட உனக்கு என்ன கொறை வச்சேன்? நல்லா இருக்கேன்னு சொல்லு. எங்கக்கா பாத்துக்கிறான்னு சொல்லு."

நீ என்னைப் பார்த்தாய். தட்டில் பாதிச் சோறு இருந்தது. போனைப் பார்த்துத் திரும்பி, நான் நன்றாக இருக்கிறேன், அக்காவோடு இருக்கிறேன், எனக்கு எந்த உதவியும் தேவையில்லை என்று அழகான ஆங்கிலத்தில் சொன்னாய். அவள் மகிழ்ச்சி என்று சொல்லிப் போனை வைத்தாள். எனக்கும் அன்று மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினேன்.

பிறகு இரண்டாம் அலை வந்தது. இந்தியாவிலிருந்து வருகிற யாரும், குடிமகனாகவே இருந்தாலும், நாட்டுக்குள் கால் வைத்தால் குற்றம், சிறையும் அபராதமும் உண்டு என்று உன் நாடு அறிவித்தது. அதை நான்தான் உனக்குப் படித்துச் சொன்னேன். நீ நம்பாமல் போனை வாங்கி நீயே படித்தாய். நல்ல நாடுக்கா என்று அன்று நீ சொல்லவில்லை. போய்த் தோட்டத்தில் நின்றாய். வேறு நாடுகளில் நோய் எரிந்தபோது இப்படி ஓர் உத்தரவு போட்டார்களா என்று நான் பின்னால் அந்த அரசாங்கத்துக்கு எழுதிய எத்தனையோ கடிதத்தில் கேட்டுவிட்டேன். சில நாட்களிலேயே உத்தரவை விலக்கிக்கொண்டோமே என்று பதில் வந்தது. உன்னிடம் மிச்சமிருந்ததும் சில நாட்கள்தான்.

உத்தரவு வந்த மூன்றாம் நாள் உனக்குக் காய்ச்சல் கண்டது. தேனியில் மருத்துவமனையில் சேர்த்தோம். அங்கே இருந்தவர்கள் ஓடி ஓடிப் பார்த்தார்கள், அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். என்னை உள்ளே விடவில்லை. ஜன்னலுக்கு வெளியே வேப்ப மரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். நீ போன் செய்தாய். மூச்சுக்கு நடுவே நடுவே பேச்சு வந்தது.

"அக்கா, பாப்பாகிட்ட அப்பா கிளம்பிட்டேன்னு சொல்லிறாத. ரெண்டு தடவ சொல்லி ஏமாத்திட்டேன்."

சரி என்றேன். அதற்குப் பிறகு உன் குரலைக் கேட்கவில்லை.

அடக்கத்துக்கு உடல் முழுக்க உறை போட்ட நான்கு பேர் வந்தார்கள். சாமியார் தூரத்தில் நின்று செபம் சொன்னார். அந்தக் கூடலூர் டிரைவர் போனைப் பிடித்துக்கொண்டிருந்தார். மெல்போர்னில் உன் மனைவியும் மகளும் அதில் பார்த்தார்கள். "அண்ணே, கொஞ்சம் கீழ பிடிங்க, மண்ணு போடுறது தெரியல" என்று உன் மனைவி சொன்னது மட்டும் எனக்குக் கேட்டது. எனக்கு அழுகை வரவில்லை. ஐந்து வருடம் ஆகப்போகிறது, இன்னும் வரவில்லை. திராட்சைக் கொடிக்குக் கவாத்து வெட்டுகிறேன், மருந்து அடிக்கிறேன், சமைத்துச் சாப்பிடுகிறேன், கை கால் எல்லாம் அதன் பாட்டுக்கு வேலை செய்கிறது.

உன் மனைவியும் மகளும் போன தை மாதம் வந்தார்கள். மகள் உன் உயரம் வந்துவிட்டாள். அவள் பள்ளிக்கூடத்தில் இரண்டு வருடப் படிப்பு படுக்கையறையில் திரைக்கு முன்னால் போய்விட்டதாம். இன்னும் கூட்டமாக நாலு பேர் இருக்கிற அறைக்குள் நுழையத் தயங்குகிறாள். வாடகை ஏறி ஏறி, நீ இருந்த வீட்டை விட்டு நகரத்துக்கு வெளியே ஒரு சின்ன வீட்டுக்கு மாறிவிட்டார்கள். உன் மனைவி இரண்டு வேலை பார்க்கிறாள். ஆஸ்திரேலியாவில் எல்லாவற்றையும் விசாரித்து ஓர் அறிக்கை வெளியிட்டிருக்கிறார்கள் என்றும், அடுத்த முறை ஜனங்கள் அரசாங்கம் சொன்னதை இப்படிக் கேட்கமாட்டார்கள் என்று அங்கே பேசிக்கொள்கிறார்கள் என்றும் சொன்னாள். கிளம்பும் அன்று, கல்லறையிலிருந்து திரும்பி வரும் வழியில் கேட்டாள்.

"மதினி, கஷ்டத்துல இருக்கவகளத்தான் முதல்ல ஏத்துனாகளாம். இவருக்கு அவ்வளவு நோவு இருந்துச்சே. இவர ஏன் கூப்பிடல?"

எனக்குத் தெரியாது என்றேன்.

எனக்குத் தெரியும். அவள் வருவதற்கு முன்பே என் கடிதம் ஒன்றுக்குப் பதில் வந்திருந்தது. எங்கள் பதிவேட்டின்படி உங்கள் சகோதரர் குடும்பத்தாருடன் பாதுகாப்பாக இருப்பதாகவும் உதவி தேவையில்லை என்றும் தெரிவித்தார், ஆகவே அவசரப் பட்டியலில் சேர்க்கப்படவில்லை, உங்கள் இழப்புக்கு வருந்துகிறோம். நாலு வரி. ஒரு சொல்லுக்கும் எனக்கு அகராதி தேவைப்படவில்லை.

இதனால் உன் நாடு செய்தது இல்லை என்று ஆகிவிடாது. குடிமகனை உள்ளே விட அவன் எவ்வளவு கஷ்டப்படுகிறான் என்று எடை போட்டதே தவறு. அதில் நான் இறங்கி வரமாட்டேன். ஆனால் எடை போட்டபோது தராசுத் தட்டில் கை வைத்தவள் நான்.

ஆகவே செய்ய வேண்டியவற்றை எழுதிவிடுகிறேன். அந்த நாட்டின் பாராளுமன்றம், குடிமகன் வீடு திரும்புவதை எந்த மந்திரியும் ஓர் உத்தரவால் குற்றமாக்க முடியாதபடி சட்டம் எழுத வேண்டும். அரசாங்கம், எல்லையை மூடுவதற்கு முன்பே, வருகிறவர்களைத் தனியாக வைத்துப் பார்த்துக்கொள்ள இடம் கட்டிவைக்க வேண்டும். யார் ஏறலாம் என்பதை விமானக் கம்பெனிகள் கையில் விடக்கூடாது. முதியோர் இல்லம் நடத்துகிறவர்கள், காய்ச்சலில் படுத்தவளுக்கு அன்றைய சம்பளத்தைக் கொடுத்து வீட்டில் இருக்கச் சொல்ல வேண்டும். பட்டியல் எழுதுகிற அதிகாரிகள், போன் செய்யும்போது, பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று முதலில் கேட்க வேண்டும். யாராவது இருந்தால் வைத்துவிட்டு, அவன் தனியாக இருக்கும்போது மறுபடி கூப்பிட வேண்டும். ஒருவன் நலம் என்று சொன்னாலும் அவனுடைய டாக்டர் சீட்டைக் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும். நம் ஊர்க்காரர்கள், வெளிநாட்டிலிருந்து வந்த பிள்ளை வாய் திறந்து கஷ்டம் என்று சொன்னால், அதைத் தங்கள் வீட்டுக்கு வந்த அவமானமாக எடுத்துக்கொள்ளாமல் அவனைப் பேசவிட வேண்டும்.

மீதி நான் செய்ய வேண்டியது. அந்த அரசாங்கத்துக்கு அடுத்த கடிதத்தில் என் பதிலையும் சேர்த்து எழுத வேண்டும். அதற்கு முன்னால் உன் மனைவியைக் கூப்பிட வேண்டும். அன்று யார் போன் செய்தார்கள், என்ன கேட்டார்கள், நீ என்ன சொல்ல ஆரம்பித்தாய், நான் என்ன சொல்ல வைத்தேன் என்று ஒன்றுவிடாமல் சொல்ல வேண்டும். அவள் திட்டினால் கேட்டுக்கொள்ள வேண்டும். ஒன்றும் சொல்லாமல் போனை வைத்துவிட்டால் அதையும் ஏற்றுக்கொள்ள வேண்டும். இங்கே காலை மணி பதினொன்று. அங்கே சாயங்காலம், அவள் வேலை முடிந்து வந்திருப்பாள்.